பதினேழு ஆண்டு அனுபவம்

அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் என்ற வேலையின் கதையை 1972இல் தொடங்குவதுதான் வழக்கம். அந்த ஆண்டு ஜூன் 23 அன்று ‘டைட்டில் நைன்’ சட்டம் கையெழுத்தானது. அரசுப் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்றது அந்தச் சட்டம். சட்டம் வந்தது, அணிகள் பெருகின, சம்பளம் ஏறியது. இன்று சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தின் டான் ஸ்டேலி ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டாலர் வாங்குகிறார் என்று கதை நேர்கோட்டில் போகும். இந்த நேர்கோட்டை நான் ஏற்கவில்லை. ஆட வந்த பெண்களுக்கு அந்தச் சட்டம் பெரிய வாசலைத் திறந்தது உண்மை. பயிற்சி தர வந்த பெண்களுக்கு அது கொடுத்ததும் உண்டு, அதன் பிறகு அவர்கள் கையைவிட்டுப் போனதும் உண்டு. அந்த வேலையே இருக்கக்கூடாது என்று கல்லூரிகள் அரை நூற்றாண்டுக்குத் தடுத்து வைத்திருந்தன. வேலை வந்தபிறகு, ‘உங்களுக்கு அனுபவம் போதாது’ என்று அதே பெண்களிடம் சொல்லப்பட்டது. இந்தத் தொழிலின் வரலாற்றில் எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான்.

பெண்கள் ஆட்டத்தின் வயது ஆண்கள் ஆட்டத்தின் வயதேதான். ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியது 1891இல். அடுத்த ஆண்டே, அருகிலிருந்த ஸ்மித் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தன் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். களத்தை மூன்றாகப் பிரித்தார்; ஒருத்தி தன் பகுதியைத் தாண்டக்கூடாது, அடுத்தவள் கையிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது என்று விதி செய்தார். மூச்சு வாங்க ஓடுவது பெண்ணுக்கு ஆகாது என்ற அன்றைய நம்பிக்கை அந்த விதிகளில் உறைந்தது. 1923இல் லூ ஹென்றி ஹூவர் தலைமையில் உருவான பெண்கள் விளையாட்டுப் பிரிவு, கல்லூரிக்கும் கல்லூரிக்கும் போட்டியே வேண்டாம் என்றது. பல கல்லூரி மாணவிகளைக் கலந்து அணி பிரித்து, ஒரு நாள் விளையாடிவிட்டுப் போகட்டும் என்பது அவர்கள் வழி. இதில் முன்னின்றவர்களில் பெரும்பாலோர் பெண் உடற்கல்வி ஆசிரியைகளே. ஆண்கள் விளையாட்டில் புகுந்துவிட்ட பணமும் முரட்டுத்தனமும் தங்கள் பெண்களைத் தொடக்கூடாது என்று அவர்கள் உண்மையாகவே கவலைப்பட்டார்கள். ஆனால் போட்டி இல்லாத இடத்தில் பயிற்சியாளருக்கு என்ன வேலை?

மார்கரெட் வேடின் வாழ்க்கை இதற்குச் சான்று. மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட் கல்லூரியில் அவர் ஆடிக்கொண்டிருந்தபோது, 1930களின் தொடக்கத்தில், இந்த ஆட்டம் இளம்பெண்களின் உடம்பு தாங்காது என்று சொல்லி நிர்வாகம் அணியைக் கலைத்தது. வீராங்கனைகள் அழுதுகொண்டே தங்கள் சீருடைகளை எரித்தார்கள். வேட் பள்ளிக்கூட அணிகளுக்குப் பயிற்சி தரப் போனார். அங்கே ஆண்டுக்கணக்கில் வெற்றிமேல் வெற்றி குவித்தார். டெல்டா ஸ்டேட் மறுபடி அணி அமைத்தது 1973இல்தான். அப்போது வேடுக்கு வயது 60. லூசியா ஹாரிஸ் என்ற உயரமான ஆட்டக்காரியை மையமாக வைத்து 1975, 1976, 1977 என மூன்று ஆண்டு தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றார். 1979இல் ஓய்வு பெற்றார். நாற்பது ஆண்டு காத்திருந்து, கிடைத்த ஆறே ஆண்டில் இவ்வளவு செய்தவருக்கு அந்த நாற்பதும் கிடைத்திருந்தால் எவ்வளவு செய்திருப்பார்? பதிவேட்டில் நிற்பது என்னவோ ஆறு ஆண்டுதான்.

வேடின் அணி 1975 இறுதியாட்டத்தில் தோற்கடித்தது இம்மாகுலாட்டா கல்லூரியை. ஃபிலடெல்ஃபியா அருகே கன்னியாஸ்திரிகள் நடத்திய சிறு மகளிர் கல்லூரி அது. அதற்கு முன் 1972, 1973, 1974இல் மூன்று தேசியப் பட்டங்களையும் வென்றிருந்தது. பயிற்சியாளர் கேத்தி ரஷ். முதல் பருவம் முழுவதற்கும் அவருக்குக் கிடைத்த ஊதியம் 450 டாலர். கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடம் 1967இல் எரிந்துபோயிருந்தது. இல்லினாயில் நடந்த முதல் தேசியப் போட்டிக்குப் போக, பெண்கள் பல்துலக்கும் பிரஷ் விற்றுப் பணம் சேர்த்தார்கள். சேர்ந்த பணம் எட்டுப் பேருக்குத்தான் போதுமானதாக இருந்தது. பின்னாளில், ஒரு வீராங்கனையின் தந்தை தன் இரும்புக்கடையிலிருந்து வாளிகளைக் கொண்டுவந்து கொடுக்க, கன்னியாஸ்திரிகள் அவற்றைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். ரஷ் 149 ஆட்டங்கள் வென்று 15இல் மட்டுமே தோற்றவர். 1977இல், முப்பது வயதையொட்டி அவர் கல்லூரிப் பயிற்சியை விட்டுவிட்டார். ஆணாக இருந்திருந்தால் அந்த வெற்றிக் கணக்கைக் காட்டிப் பெரிய பல்கலைக்கழகங்களில் பேரம் பேசியிருக்கலாம். அவருக்கு அப்படி ஏறிப்போக ஒரு ஏணியே அன்று இல்லை.

அந்த ஏணியைச் செய்தவர்கள் அவருடைய மாணவிகளும் அவர்கள் தலைமுறையினரும். தெரசா கிரெண்ட்ஸ் 1976இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நாட்டின் முதல் முழுநேரப் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் என்று குறிப்பிடப்படுபவர் அவர். பாட் சம்மிட் 1974இல் தன் 22ஆம் வயதில் டென்னசி அணியை ஏற்றார். மாதம் 250 டாலர் சம்பளம். அணியின் வேனை ஓட்டுவதும் சீருடைகளைத் துவைப்பதும் அவர்தான். அதே இடத்தில் 38 பருவங்கள் இருந்து 1,098 வெற்றிகளும் எட்டுத் தேசியப் பட்டங்களும் பெற்றார். 2006இல் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய சம்பளம் பெற்றார். விவியன் ஸ்ட்ரிங்கர் பென்சில்வேனியாவின் செய்னி ஸ்டேட் என்ற சிறிய கறுப்பினக் கல்லூரியில் 1970களின் தொடக்கத்தில் இதே வேலையைத் தொடங்கி, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பெண்கள் இறுதியாட்டம்வரை, 1982இல், அந்த அணியை அழைத்துப்போனார். இவர்கள் யாரும் ஏற்கெனவே இருந்த வேலைக்கு வந்தவர்கள் அல்லர்.

வேலையில் சம்பளம் சேர்ந்ததும் ஆட்கள் மாறினார்கள். பெண்களே நடத்திய ஏஐஏடபிள்யூ அமைப்பு 1982இல் மூடப்பட்டு, போட்டிகள் ஆண்கள் விளையாட்டை நடத்திவந்த என்சிஏஏவின் கைக்குப் போயின. பல கல்லூரிகளில் ஆண்கள் துறையும் பெண்கள் துறையும் ஒன்றாக்கப்பட்டன; தலைமை பெரும்பாலும் ஆண்களிடம் போனது, ஆளெடுக்கும் அதிகாரமும் கூடவே போனது. விவியன் அகோஸ்டா, லிண்டா ஜீன் கார்பெண்டர் என்ற இரு பேராசிரியைகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து எடுத்த கணக்கின்படி, 1972இல் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பெண்களே பயிற்சியாளர்கள். 2014இல் 43 விழுக்காடு. இது எல்லா விளையாட்டுக்கும் சேர்ந்த கணக்கு. கூடைப்பந்தில் நிலைமை இதைவிட மேல். ஆனாலும் போக்கு ஒன்றுதான்.

ரஷ்ஷின் இன்னொரு மாணவி மேரியன் ஸ்டான்லி. ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்துக்கு 1979, 1980, 1985இல் மூன்று தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்துவிட்டுத் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். 1993இல் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, ஆண்கள் அணியின் ஜார்ஜ் ராவ்லிங்குக்குத் தரும் சம்பளமே தனக்கும் வேண்டும் என்றார். ராவ்லிங் தலைமைப் பயிற்சியாளராகத் தேசியப் போட்டியின் அரையிறுதியைக்கூட எட்டியதில்லை. பேச்சு முறிந்தது, ஸ்டான்லி வேலையிழந்தார், வழக்குப் போட்டார், தோற்றார். 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முக்கியமாகச் சொன்ன காரணம் அனுபவம்: ராவ்லிங்குக்கு 31 ஆண்டு, ஸ்டான்லிக்கு 17. இந்த இரு எண்களையும் காலண்டரோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1993இலிருந்து பதினேழு ஆண்டு பின்னால் போனால் 1976, அதாவது கிரெண்ட்ஸ் ரட்கர்ஸில் சேர்ந்த ஆண்டு. முழுநேரத் தொழிலாக இந்த வேலைக்கு எத்தனை வயதோ அத்தனை ஆண்டும் ஸ்டான்லி அதில் இருந்திருக்கிறார். 31 ஆண்டு வேண்டுமென்றால் அவர் 1962இல், எட்டு வயதில், இல்லாத ஒரு வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். நீதிபதிகள் சட்டத்தின் சொல்லைப் பின்பற்றினார்கள்; நிறுவனங்களே பறித்துக்கொண்ட ஆண்டுகளை ஒரு தனிமனுஷியின் குறையாக எண்ணிவிட்டார்கள்.

இதற்கு உடனே வரும் மறுப்பு வருமானம். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆண்கள் கூடைப்பந்து ஈட்டியது பெண்கள் ஈட்டியதைப்போல 90 மடங்கு என்று அந்த வழக்கிலேயே பதிவாகியிருக்கிறது. வருமானம் கொண்டுவருபவருக்குக் கூடுதல் சம்பளம் தருவதில் என்ன தவறு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்த வருமானம் எப்படி வருகிறது? 2021இல் சான் அன்டோனியோவில் பெண்கள் தேசியப் போட்டிக்கு வந்தவர்களுக்கு வைத்திருந்தது ஒரு சிறிய டம்பெல் அடுக்கு. ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடமே இருந்தது. ஒரு வீராங்கனை எடுத்துப்போட்ட வீடியோ பரவியதால்தான் அது வெளியே தெரிந்தது. அதையடுத்து என்சிஏஏவுக்காக ஒரு சட்ட நிறுவனம் தந்த கேப்லன் அறிக்கை, பெண்கள் போட்டியின் ஒளிபரப்பு உரிமையைத் தனியாக விற்றால் ஆண்டுக்கு 8.1 கோடி முதல் 11.2 கோடி டாலர்வரை கிடைக்கலாம் என மதிப்பிட்டது. அதுவரை அந்த உரிமை மற்ற இருபத்துச் சொச்சம் போட்டிகளோடு மூட்டையாகக் கட்டி விற்கப்பட்டிருந்தது. ‘மார்ச் மேட்னஸ்’ என்ற புகழ்பெற்ற பெயரையே 2022வரை பெண்கள் போட்டிக்குப் பயன்படுத்தவில்லை. இப்படிக் குறைந்த விலை போட்டுவிட்டு, வருமானம் குறைவு என்று பயிற்சியாளரிடம் கணக்குக் காட்டுவது நியாயமில்லை. 2024இல் சவுத் கரோலினாவும் அயோவாவும் ஆடிய இறுதியாட்டத்தைச் சராசரியாக 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் 1.48 கோடி.

ஆண் பயிற்சியாளர்கள் வந்ததால் ஆட்டம் வளர்ந்தது என்பது இன்னொரு மறுப்பு. கனெக்டிகட்டின் ஜீனோ ஆரியெம்மா 1985 முதல் அங்கே இருந்து 12 பட்டங்கள் வென்றிருக்கிறார். ஸ்டான்ஃபோர்டின் தாரா வாண்டர்வீர் 1,216 வெற்றிகளோடு 2024இல் ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே அந்தச் சாதனையை ஆரியெம்மா தாண்டினார். அவர் தந்ததைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் வழி ஒருபக்கம்தான் திறந்திருக்கிறது: எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துப் பெண்கள் அணிகளில் பாதிக்கு மேல் ஆண்கள் பயிற்சி தரும் காலத்தில், ஆண்கள் அணிகளுக்குப் பயிற்சி தரும் பெண்கள் மிகச் சிலரே. ஏஐஏடபிள்யூ காலத்தைப் பொற்காலம் என்றும் நான் சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் அந்த அமைப்பு வீராங்கனைகளுக்கு விளையாட்டு உதவித்தொகை தருவதையே தடை செய்தது. 1973இல் ஃப்ளோரிடாவில் வழக்குப் போட்ட பிறகுதான் இறங்கிவந்தது.

2021இல் டான் ஸ்டேலிக்குச் சவுத் கரோலினா ஏழாண்டுக்கு 2.24 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. அதே பல்கலைக்கழக ஆண்கள் பயிற்சியாளரின் சம்பளத்துக்கு இணையாக அது அமைந்தது. அதற்கு அவர் 2017இல் தேசியப் பட்டம் வென்று காட்ட வேண்டியிருந்தது. ஆண்கள் போட்டியில் ஒவ்வொரு வெற்றிக்கும் கல்லூரிக் கூட்டமைப்புகளுக்குப் பணம் போகும் ஏற்பாடு 1991 முதலே இருக்கிறது. பெண்கள் போட்டிக்கு அதே ஏற்பாட்டை என்சிஏஏ உறுப்பினர்கள் ஏற்றது 2025 ஜனவரியில். இடைப்பட்ட 34 ஆண்டுகளும், ஒரு பெண்கள் பயிற்சியாளர் எத்தனை ஆட்டம் வென்றாலும், அந்த வெற்றிக்கான பங்கு என்று கல்லூரிக்கு எதுவும் வந்ததில்லை.