ஒரு குடும்பம் தொடங்கிய தேடல்: ஹண்டிங்டன் நோயும் வெக்ஸ்லர் குடும்பமும்

ஒரு மருந்துக் கம்பெனி புதிய மருந்து ஒன்றில் பணம் போடுவதற்கு முன் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்க்கும். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் என்றால் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் உண்டு. ஆனால் ஒரு லட்சம் பேரில் ஐந்து பேருக்கோ பத்துப் பேருக்கோ மட்டும் வருகிற நோய் என்றால்? ஆராய்ச்சிக்கான செலவு குறையப் போவதில்லை. விற்பனை மட்டும்தான் குறையும். எந்த முதலாளியும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

அப்படியானால் இந்த மாதிரி நோய்களின் ஆராய்ச்சிக்கு முதல் பணம் எங்கிருந்து வருகிறது? பல நேரங்களில் அந்த நோய் புகுந்த குடும்பத்திடமிருந்தே வருகிறது. இதற்கு மிகச் சிறந்த உதாரணம் அமெரிக்காவின் வெக்ஸ்லர் குடும்பமும் அவர்கள் தொடங்கிய பரம்பரை நோய் அறக்கட்டளையும்.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

1872-ல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற 22 வயது அமெரிக்க டாக்டர் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் நியூயார்க் அருகே லாங் ஐலண்டின் கிழக்குப் பகுதியில் டாக்டர்கள். சிறுவனாக அப்பாவோடு வண்டியில் போகும்போது, உடம்பு முறுக்கி, முகம் கோணி நடந்து வந்த ஒரு தாயையும் மகளையும் அவர் பார்த்திருந்தார். மூன்று தலைமுறை டாக்டர்கள் ஒரே ஊரின் குடும்பங்களைக் கவனித்ததால்தான் இந்த நோய் பரம்பரையாக வருகிறது என்று அவரால் தெளிவாக எழுத முடிந்தது. நோய்க்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் இந்த நோய் தலைகாட்டும். கை கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் தாமாக ஆடும். நடை தள்ளாடும், பேச்சு குழறும். ஞாபகமும் குணமும் மாறும். 15 முதல் 20 ஆண்டுகளில் மரணம்.

இதில் கொடுமையான விஷயம் இரண்டு. முதலாவது, அப்பா அம்மா இருவரில் ஒருவருக்கு இருந்தால் போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு 50 சதவீதம். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போலத்தான். இரண்டாவது, தனக்கு இருப்பது தெரிய வருவதற்குள் ஒருவர் கல்யாணம் செய்து பிள்ளைகளும் பெற்றிருப்பார். அடுத்த தலைமுறைக்கான காசு ஏற்கெனவே சுண்டப்பட்டிருக்கும்.

வெக்ஸ்லர் குடும்பம்

லியோனோர் படித்தது விலங்கியல். அவருடைய அப்பா ஹண்டிங்டன் நோயால் இறந்தவர். ஆனால் அது ஆண்களுக்கு மட்டும் வரும் நோய் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அது தவறான தகவல். 1950-ல் அவருடைய மூன்று சகோதரர்களுக்கும் அதே நோய் இருப்பது தெரிய வந்தது. கணவர் மில்டன் வெக்ஸ்லர் உளப்பகுப்பாய்வாளர். மைத்துனர்களையும் பார்த்துக்கொள்ள அதிக வருமானம் வேண்டும் என்பதற்காக அவர் கான்ஸாஸ் மாநிலத்தை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸில் தனியாகத் தொழில் செய்ய வந்தார்.

பிறகு அந்தத் தம்பதி விவாகரத்து செய்துகொண்டார்கள். ஒரு நாள் காலை லியோனோர் ஜூரிப் பணிக்காகக் கோர்ட்டுக்குப் போகும் வழியில் சாலையைக் கடந்தபோது, இவ்வளவு காலையிலேயே குடித்திருக்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார். லியோனோர் குடித்திருக்கவில்லை. அவர் தள்ளாடிக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது. 1968-ல் ஹண்டிங்டன் நோய் உறுதியானது.

மில்டன் தன் இரு மகள்களையும் அழைத்து விஷயத்தைச் சொன்னார். ஆலிஸுக்கு 26 வயது, நான்சிக்கு 23. இருவருக்கும் தலா 50 சதவீத ஆபத்து. தாங்கள் பிள்ளை பெற்றுக்கொள்வதில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

அந்த ஆண்டே மில்டன் வேலையைத் தொடங்கிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகர் உடி கத்ரி இதே நோயால் 55 வயதில் இறந்திருந்தார். அவருடைய முன்னாள் மனைவி மார்ஜரி கத்ரி 1967-ல் நோயாளிக் குடும்பங்களை ஒன்று திரட்டி ஒரு அமைப்பை உருவாக்கியிருந்தார். மில்டன் முதலில் அதன் கலிபோர்னியா கிளையை நடத்தினார். மார்ஜரியின் முதல் அக்கறை நோயாளிகளைப் பராமரிப்பது. மில்டனின் அக்கறை முழுக்க ஆராய்ச்சி. எனவே கிளை தனி வழியில் வளர்ந்து, பரம்பரை நோய் அறக்கட்டளை என்று பெயர் பெற்றது.

பணத்தை எப்படிச் செலவு செய்தார்கள்?

வணிகவியல் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான்.

ஒரு குடும்பம் திரட்டும் பணத்தில் ஆராய்ச்சிக்கூடம் கட்ட முடியாது. புகழ்பெற்ற பேராசிரியர்களுக்கு இந்தச் சிறிய தொகை தேவையும் இல்லை. எனவே மில்டன் இளம் விஞ்ஞானிகளைத் தேடினார். ஹண்டிங்டன் நோயைப் பற்றி முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் பரவாயில்லை. பத்துப் பதினைந்து பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்தார். ஸ்லைடு போடக்கூடாது, எழுதி வந்த கட்டுரையைப் படிக்கக்கூடாது, மனதில் தோன்றுவதைப் பேச வேண்டும். இதுதான் விதி. நோயாளியோ அவருடைய குடும்பத்தாரோ வந்து தங்கள் வாழ்க்கையைச் சொல்வதும் உண்டு. சோதனைக் குழாயை மட்டும் பார்த்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

மில்டனிடம் சிகிச்சை பெற்றவர்களிலும் அவருடைய நண்பர்களிலும் கலைஞர்களும் திரையுலகினரும் நிறையப் பேர். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி அவர்களில் ஒருவர், அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸுடன் சேர்ந்து மில்டன் திரைக்கதையே எழுதியிருக்கிறார். இந்தத் தொடர்புகள் நிதி திரட்டவும் உதவின. பகலெல்லாம் புரதம் பற்றி வாதாடிய இளம் விஞ்ஞானிக்கு மாலையில் சினிமா நட்சத்திரங்களோடு விருந்து! அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால் வராமல் இருப்பாரா?

அடுத்த வழி அரசாங்கம். 1976-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஹண்டிங்டன் நோய்க்காக ஒரு ஆணையம் அமைத்தது. மார்ஜரி கத்ரி தலைவர், மில்டன் துணைத் தலைவர், உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றிருந்த நான்சி நிர்வாக இயக்குநர். குடும்பங்கள் போட்ட சிறிய தொகை, அரசாங்கத்தின் பெரிய தொகையை இழுத்து வந்தது.

லியோனோர் இதன் பலன் எதையும் பார்க்கவில்லை. 1978 மே 14 அன்று இறந்தார். அன்று அமெரிக்காவில் அன்னையர் தினம்.

மரக்கைபோ ஏரிக்கரை

தென் அமெரிக்காவின் வெனிசுவேலாவில் மரக்கைபோ என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதன் கரையில் மீன்பிடிக் கிராமங்கள். லகுனேட்டா என்ற ஊரில் தண்ணீருக்குள் கம்பு நட்டு அதன் மேல் வீடு கட்டியிருப்பார்கள். உலகில் வேறு எங்கும் இல்லாத அளவுக்கு இந்தக் கிராமங்களில் ஹண்டிங்டன் நோய் இருந்தது. 1950-களில் அமெரிக்கோ நெக்ரெட்டே என்ற வெனிசுவேலா டாக்டர்தான் அதைக் கண்டறிந்தவர். தள்ளாடி நடப்பவர்களைக் குடிகாரர்கள் என்று நினைத்த அவர், அது நோய் என்று பின்னர் புரிந்துகொண்டார். (லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ்காரர் செய்த அதே தவறு!) 1972-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டில் இந்தக் கிராமங்களைப் பற்றிய படம் காட்டப்பட்டது.

1979-ல் நான்சி முதன்முறையாக அங்கே போனார். அம்மா அப்பா இருவரிடமிருந்தும் நோயைப் பெற்ற ஒருவரைத் தேடித்தான் போனார். அதே ஆண்டு அக்டோபரில் அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் வேறொரு பெரிய யோசனை பேசப்பட்டது.

யோசனை இதுதான். ஒருவருடைய வீட்டு முகவரி தெரியாது. ஆனால் அவர் தினமும் ஒரே பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறார் என்றால் வீடு அதற்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அதுபோல டி.என்.ஏ.வில் ஆளுக்கு ஆள் மாறுபடுகிற அடையாளப் புள்ளிகள் உண்டு. ஒரு குடும்பத்தில் நோய் வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு புள்ளியின் ஒரே வடிவம் இருந்து, நோய் வராதவர்களிடம் அது இல்லை என்றால், நோய்க்கான மரபணு அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதைச் செய்ய மிகப் பெரிய குடும்பம் ஒன்று வேண்டும். அந்தக் குடும்பம் மரக்கைபோ ஏரிக்கரையில் இருந்தது.

1981 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் நான்சியின் குழு அங்கே போய் வந்தது. ரத்தம் கொடுக்க மக்கள் தயங்கினார்கள். அப்போது குழுவில் இருந்த ஒரு நர்ஸ் நான்சியின் கையைப் பிடித்துத் தூக்கி, தோல் மாதிரி எடுத்த தழும்பைக் காட்டினார். இவருடைய குடும்பத்திலும் இந்த நோய் இருக்கிறது, இவரும் கொடுத்திருக்கிறார் என்று சொன்னார். அதன் பிறகு தயக்கம் குறைந்தது. காலப்போக்கில் 18,000-க்கும் மேற்பட்டவர்கள் அடங்கிய குடும்ப மரமும் 4,000-க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளும் சேர்ந்தன.

இரண்டு வெற்றிகள்

பாஸ்டனில் ஜேம்ஸ் குஸெல்லா என்ற இளம் விஞ்ஞானி அடையாளப் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். பல ஆண்டுகள், ஏன் பல பத்தாண்டுகள் ஆகலாம் என்று நினைத்தவர்கள் உண்டு. ஏறக்குறைய ஒரு டஜன் புள்ளிகளைப் பார்ப்பதற்குள்ளேயே சரியான புள்ளி கிடைத்துவிட்டது! 1983 நவம்பரில் நேச்சர் இதழில் முடிவு வெளிவந்தது. ஹண்டிங்டன் மரபணு 4-வது குரோமோசோமில் இருக்கிறது.

ஆனால் தெரு தெரிந்தாலும் வீட்டைக் கண்டுபிடிக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. போட்டி போடக்கூடிய ஆறு ஆராய்ச்சிக் குழுக்களை அறக்கட்டளை ஒன்றாக வேலை செய்ய வைத்தது. 1993 மார்ச்சில் மரபணு கிடைத்தது. செல் இதழில் வெளிவந்த கட்டுரையில் முதல் ஆசிரியர் என்று தனியாக யாரும் இல்லை, கூட்டுக் குழுவின் பெயரே போடப்பட்டது. அந்த மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. 35 முறை வரை என்றால் நோய் வராது. 40 முறை அல்லது அதற்கு மேல் என்றால் நோய் வரும். இடையில் இருந்தால் வரலாம், வராமலும் போகலாம்.

கிடைத்த பதிலை என்ன செய்வது?

மரபணு தெரிந்ததும் ஒரு ரத்தப் பரிசோதனையில் எதிர்காலத்தைச் சொல்லிவிட முடிந்தது. ஆனால் மருந்து இல்லை. வரப் போகிறது என்று மட்டும் தெரிந்துகொண்டு என்ன செய்வது? ஆபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பரிசோதனை செய்துகொள்வதில்லை. சோதனைக்கு வழி செய்து கொடுத்த நான்சியும் தன் முடிவைப் பல ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. மில்டன் 2007-ல் 98 வயதில் காலமானார். 2020 மார்ச்சில், 74 வயதில், தனக்கு ஹண்டிங்டன் நோய் இருப்பதை நான்சி பகிரங்கமாக அறிவித்தார். அதை மறைத்து வைப்பதால்தான் குடும்பங்கள் வெட்கத்தில் ஒளிந்துகொள்கின்றன என்பது அவர் கருத்து.

மருந்து விஷயத்தில் முன்னேற்றம் மெதுவாகவே வந்திருக்கிறது. உடல் ஆட்டத்தைக் குறைக்கும் டெட்ராபெனசைனுக்கு 2008-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது நோயைத் தடுக்காது. பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட டோமினெர்சென் என்ற மருந்தின் சோதனையில் மருந்து கொடுப்பது 2021 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2025 செப்டம்பரில் ஒரு மரபணு சிகிச்சை, மூன்று ஆண்டுகளில் நோயின் வேகத்தை 75 சதவீதம் குறைத்ததாக அதை உருவாக்கிய யூனிக்யூர் நிறுவனம் அறிவித்தது. ஆனால் அந்தக் கணக்கில் வந்தவர்கள் மிகச் சிலரே. மூளைக்குள் நேரடியாகச் செலுத்த வேண்டிய சிகிச்சை அது. இன்னும் நிரூபிக்க வேண்டியது நிறைய.

வரவும் கடனும்

இந்தக் கதையை வழக்கமாக ஒரு குடும்பத்தின் வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். அதில் தவறில்லை. முதல் பணத்தைப் போட்டவர்கள் அவர்கள்தான். லாபம் எதிர்பார்க்காத பணம் என்பதால்தான் பைத்தியக்கார யோசனைகளுக்கும் அதைக் கொடுக்க முடிந்தது.

ஆனால் ஐந்தொகையில் இன்னொரு பக்கமும் உண்டு. இந்த ஆராய்ச்சியின் பெரிய மூலதனம் மரக்கைபோ மீனவர்களின் ரத்தம். அந்த ஆராய்ச்சியால் உலகம் முழுக்கப் பரிசோதனை வந்தது, கம்பெனிகள் வந்தன, பல நோய்களின் மரபணுக்களைத் தேட வழி பிறந்தது. ரத்தம் கொடுத்த ஊர்களில் வறுமை அப்படியே இருக்கிறது. அறக்கட்டளையின் உதவியோடு 1999-ல் மரக்கைபோவில் நோயாளிகளுக்காக ஒரு இல்லம் திறக்கப்பட்டது. அதுவும் பின்னர் மூடப்பட்டது. 2017 மே மாதம் போப் பிரான்சிஸ் வெனிசுவேலா உட்பட தென் அமெரிக்காவின் ஹண்டிங்டன் குடும்பங்களை வாடிகனில் சந்தித்தபோதுதான் பலருக்கும் அவர்கள் நினைவு வந்தது.

வெக்ஸ்லர் குடும்பம் போட்ட பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. அந்த ஏரிக்கரைக் குடும்பங்கள் போட்டதற்கு எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்கப்படவில்லை. நோயைத் தடுக்கும் மருந்து ஒரு நாள் வந்தால், அதன் விலை லகுனேட்டாவில் வசிக்கும் ஒருவருக்கு எட்டுமா என்பதுதான் இந்த வரலாற்றில் எழுதப்படாமல் மிச்சமிருக்கும் அத்தியாயம்.