ஹைதராபாதின் உணவுத் தெருக்கள்: கதையும் வரலாறும்

ஒரு நகரத்தின் வரலாற்றைக் கோட்டைகளிலும் கல்வெட்டுகளிலும் தேடுவதே நெடுங்கால வழக்கம். அண்மைக் காலமாக அதனை அடுப்படியிலும் தேடும் ஆர்வம் பெருகியுள்ளது. தில்லி, லக்னோ, ஹைதராபாத் போன்ற பழம்பெரும் நகரங்களில், வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, பத்துப் பன்னிரண்டு பேர் கடை கடையாக நின்று சுவைத்தவாறே பின்தொடரும் 'உணவு நடை'கள் இன்று பரவலாக நடைபெறுகின்றன. வயிற்றுக்கு உணவும் செவிக்கு வரலாறும் ஒருசேரக் கிடைப்பதால் மக்கள் விரும்பிச் செல்கின்றனர். அவ்வாறு செவிக்குக் கிடைப்பது எத்தகைய வரலாறு என்பதே நம் கேள்வி.

ஹைதராபாதுக்குச் சென்றிருந்த ஒரு சந்தர்ப்பத்தில் நாமும் அத்தகைய நடையொன்றில் சேர்ந்துகொண்டோம். கி.பி. 1591இல், ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டையொட்டி, முஹம்மது குலீ குத்ப் ஷா எழுப்பிய சார்மினாரின் அடியில் தொடங்கி, குல்ஸார் ஹவ்ஸ், பத்தர்கட்டி வழியாக மதீனா முச்சந்தி வரை சென்ற நடை அது. விரைந்து நடந்தால் கால் மணி நேரத் தொலைவு. உண்டு உண்டு நடந்ததால் மூன்று மணி நேரமாயிற்று. வழிகாட்டி நல்ல உர்தூவும் ஆங்கிலமும் பேசும் இளைஞர், பண்பாளர். அவரிடம் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு கதை இருந்தது. ஒவ்வொரு கதையிலும் ஓர் அரசர் இருந்தார்.

குல்ச்சா ரொட்டியின் கதையை எடுத்துக்கொள்வோம். பிற்காலத்தில் முதலாம் ஆஸஃப் ஜாஹ் என அறியப்பட்ட நிஜாமுல் முல்க், தக்காணம் வந்த நாளில், ஔரங்காபாதில் வாழ்ந்த சிஷ்தி மரபின் பெரியார் ஷாஹ் நிஜாமுத்தீன் அவர்களைச் சந்தித்தார். பசியோடிருந்த விருந்தினருக்குப் பெரியார் குல்ச்சாக்களை அளிக்க, அவர் ஏழு உண்டார். 'உம் வழியில் எழுவர் ஆள்வர்' எனப் பெரியார் வாழ்த்தினார். ஆஸஃப் ஜாஹிக் கொடியின் நடுவிலுள்ள வட்டம் அந்தக் குல்ச்சாவே. கேட்க இனிய கதைதான். ஆயின் 1748இல் முதலாம் நிஜாம் மறைந்தபின் 1762 வரை நாஸிர் ஜங், முஸஃப்பர் ஜங், ஸலாபத் ஜங் என மூவர் அடுத்தடுத்து ஆண்டனர். இவர்களுள் நாஸிர் ஜங் கொல்லப்பட்டது நம் செஞ்சிக்கு அருகில், 1750இல். இம்மூவரையும் சேர்த்தால் கணக்கு பத்தாகும். 'ஏழு நிஜாம்கள்' என்பது இம்மூவரை விலக்கிப் பின்னாளில் வகுத்த வரிசை. அவ்வரிசை முற்றுப்பெற்ற பின்னரே இக்கதை இன்றைய உருவைப் பெற்றிருக்கும் என்பது நம் எண்ணம்.

பிரியாணிக்கு மும்தாஜ் மஹலும், உஸ்மானியா பிஸ்கட்டுக்கு ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலீ கானும் துணைக்கு வந்தனர். மும்தாஜ் படைமுகாமைப் பார்வையிட்டு, மெலிந்த வீரர்களுக்கு இறைச்சியும் அரிசியும் சேர்த்துச் சமைக்கச் சொன்னாராம். அதற்குச் சமகாலச் சான்று எதுவும் நம் கண்ணில் பட்டதில்லை. இவற்றில் நெடிது நிற்க வேண்டியதில்லை. நஹாரி பற்றி மட்டும் ஒரு சொல். நஹார் என்ற அரபிச் சொல்லுக்குப் பகல் என்று பொருளாதலால் இஃது அரபியிலிருந்து வந்தது என்றார் வழிகாட்டி. பாரசீகத்தில் 'நாஹார்' என்பது ஏதும் உண்ணாத வெறும் வயிற்றைக் குறிக்கும். வெறும் வயிற்றோடிருப்பதை உர்தூ மக்கள் இன்றும் அச்சொல்லாலேயே சொல்வர். விடியலில் உண்ணும் குழம்புக்கு இரண்டாவது பொருளே பொருத்தமாகத் தோன்றுகிறது. சதுரமான கைம்மா அப்பமாகிய லுக்மியின் பெயரில் அரபியின் 'லுக்மா', அதாவது கவளம், இருப்பது தெளிவு.

நடையின் முடிசூடிய பண்டம் ஹலீம். நம் பள்ளிவாசல்களில் நோன்பு திறக்கக் கஞ்சி எப்படியோ, ஹைதராபாதில் ரமழான் மாலைகளுக்கு ஹலீம் அப்படி. கோதுமையும் இறைச்சியும் பருப்பும் நெய்யும் நாள் முழுதும் வெந்து, கோட்னி என்னும் மரத்தடிகளால் இடிபட்டு, எது தானியம் எது இறைச்சி எனப் பிரித்தறிய முடியாதவாறு குழைந்த உணவு. இதனை ஆறாம் நிஜாம் (1869-1911) காலத்தில் ஹள்ரமௌத்திலிருந்து வந்த அரபியர் கொணர்ந்தனர் என்பது வழிகாட்டியின் கூற்று. அவர் மட்டுமல்லர், அந்நகர முஸ்லிம்களுள் படித்தோர் பலரும் இதையே சொல்கின்றனர். அரபியர் வந்தனர், கொணர்ந்தனர் என்றால் நமக்கும் ஒரு பெருமிதம் தோன்றத்தான் செய்கிறது. அதனாலேயே இதைக் கூடுதல் கவனத்தோடு ஆராய வேண்டும்.

முதலில் சொல். ஹலீமின் மூதாதையான உணவுக்கு அரபியில் ஹரீஸா என்று பெயர். 'ஹரஸ' என்றால் இடித்தான், நசுக்கினான். பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த 'கிதாபுத் தபீக்' என்னும் சமையல் நூலிலும், 1226இல் முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்பக்தாதீ அதே பெயரில் எழுதிய நூலிலும் ஹரீஸா இடம்பெறுகிறது. ஹலீம் என்பதோ பொறுமையுடையவன் என்ற பொருளில் இறைவனின் அழகிய திருநாமங்களுள் ஒன்று. உண்பொருளுக்கு அப்பெயர் தகாது எனக் கருதி 'தலீம்' என எழுதுவோரும் உளர். கொழுப்பேறிய ஒட்டகத்தையும் ஹலீம் எனக் குறிக்கும் வழக்கு அரபி அகராதிகளில் உண்டு என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

ஹரீஸாவைப் பற்றிய கட்டுக்கதைகளும் இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. ஹரீஸா உண்டால் உடல் வலிமை பெறும் என்ற கருத்தில், ஜிப்ரீல் (அலை) அவர்களையே சம்பந்தப்படுத்தி ஒரு ஹதீஸ் முற்காலத்தில் உலவியது. ஹிஜ்ரி 597இல் (கி.பி. 1201) மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ, இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த தம் 'அல்மவ்ளூஆத்' நூலில் இதனைச் சேர்த்து, இதன் மூலகர்த்தா முஹம்மத் இப்னுல் ஹஜ்ஜாஜ் அல்லக்மீ என்பவர் எனக் காட்டுகிறார். அவர் யார்? 'ஸாஹிபுல் ஹரீஸா', அதாவது ஹரீஸாக்காரர் எனப் பெயர் பெற்றவர். சரக்குக்கு விளம்பரம் தேடிய வணிகரின் கதையாக ஹதீஸ் கலை அறிஞர்கள் இதைக் கண்டனர். சொன்னவர் யார், எவரிடம் கேட்டார், சொல்வதால் அவருக்கு என்ன ஆதாயம் என்ற மூன்று கேள்விகளை அவர்கள் கேட்டனர். உணவு நடையின் கதைகளை நாம் அக்கேள்விகளால் அளக்கக் கூடாதென்று விதியேதும் இல்லை.

அவ்வாறு அளக்கும்போது கிடைக்கும் முதற்சான்று, அக்பரின் அவையைச் சேர்ந்த அபுல் ஃபஸ்ல் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதி முடித்த 'ஆயினே அக்பரீ'. அரண்மனைச் சமையலைப் பற்றிய அதன் பகுதியில் ஹரீஸா, கஷ்க், ஹலீம் ஆகிய மூன்றும் தனித்தனி உணவுகளாக, அளவுகளோடு பட்டியலிடப்பட்டுள்ளன. ஹரீஸாவுக்குப் பத்து சேர் இறைச்சி, ஐந்து சேர் இடித்த கோதுமை, இரண்டு சேர் நெய். ஹலீமில் கோதுமையோடு கடலையும், டர்னிப், கேரட், பசலைக்கீரை ஆகிய காய்கீரைகளும் சேர்கின்றன. ஆக, ஆறாம் நிஜாம் பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே, ஹலீம் என்ற அதே பெயரில் இவ்வுணவு இந்திய மண்ணில் வெந்துகொண்டிருந்தது. ஹள்ரமிகள் அதனை இந்தியாவுக்குக் கொணர்ந்தனர் என்பது நிற்காது.

அப்படியெனில் ஹள்ரமிகளின் பங்கு ஒன்றுமில்லையா? உண்டு; கதை சொல்வதைவிட அது கனமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹள்ரமௌத்தின் வறண்ட பள்ளத்தாக்குகளிலிருந்து வந்த இளைஞர்கள் நிஜாமின் படையில் கூலி வீரர்களாகச் சேர்ந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜமேதார்களுள் உமர் இப்னு அவள் அல்குஅய்தீ என்பவர் திரட்டிய செல்வமே, அவர் புதல்வர்கள் அரபுக் கரையில் ஷிஹ்ர், முகல்லா துறைமுகங்களைக் கைப்பற்றி 1967 வரை நீடித்த ஒரு சுல்தானியத்தை நிறுவ அடிகோலியது. தக்காணத்தின் ரூபாய் ஹள்ரமௌத்தில் அரசாயிற்று என்றால் மிகையாகாது. உணவும் ஒருவழிப் பயணம் செய்யவில்லை. ஏடனில் விருந்துகளில் பரிமாறப்படும் 'ஸுர்பியான்' நம் பிரியாணியின் உறவே. சாமானிய வீரர்கள் வாழ்ந்த இடம் சார்மினாருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பர்கஸ். 'பாரக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு. அங்கே அவர்கள் உண்டது ஹரீஸ்: கோதுமையும் இறைச்சியும் உப்பும் நெய்யும் மட்டுமே கொண்ட எளிய உணவு. அரண்மனை வழிவந்த மசாலா மிக்க ஹலீமும், படைக்குடியிருப்பின் வெள்ளை ஹரீஸும் ஒரே நகரில் அருகருகே இருந்தன என்பதே சான்றுகளுக்கு இசைவான முடிவு.

1948 செப்டம்பரில் இந்தியப் படை ஹைதராபாதுள் நுழைந்தது. நிஜாமின் படை கலைந்தது. அரபியர் பலர் தடுத்து வைக்கப்பட்டனர்; பலர் தாம் பிறந்திராத, தந்தையர் மட்டுமே கண்டிருந்த நாட்டுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அடுத்த ஆண்டு ஜாகீர் முறை ஒழிந்தபோது பிரபுக்களின் மாளிகைகளும் அவற்றை நம்பியிருந்த சமையற்காரர்களும் வருவாய் இழந்தனர். ஹலீம் கடைவீதிக்கு வந்தது இதன் பின்னரே. 1950களில் ஈரானியர் ஒருவர் நடத்திய மதீனா ஹோட்டலில்தான் அது முதலில் கடைச்சரக்காயிற்று என நகரத்தார் சொல்வர். ஆண்டு ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம், காலம் பொருந்துகிறது. இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அரசரின் கொடையாகச் சொல்லப்படும் உணவு, உண்மையில் அரசு வீழ்ந்தபின் பிழைப்புத் தேடியவர்களின் உழைப்பால் தெருவில் நிலைபெற்றது. நடை முழுவதிலும் 1948 என்ற ஆண்டு ஒருமுறையேனும் உச்சரிக்கப்படவில்லை. உண்டு மகிழ வந்தவர்களிடம் அதைச் சொல்வது எளிதன்று என்பதை உணர்கிறோம். எனினும் சொல்லாமல் விட்டால் அம்மக்கள் வரலாற்றிலிருந்து இரண்டாம் முறையும் வெளியேற்றப்படுகின்றனர்.

2010இல் ஹைதராபாத் ஹலீமுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவில் இறைச்சி உணவொன்று இச்சிறப்பைப் பெற்றது அதுவே முதன்முறை. ஆட்டிறைச்சி, கோதுமை ஆகியவற்றின் விகிதம், செம்புப் பாத்திரம், விறகு அடுப்பு, வேகும் நேரம் என விதிகள் வகுக்கப்பட்டன. இதைப் படித்தபோது நமக்கு நினைவு வந்தது பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷாமில் வாழ்ந்த அஷ்ஷைஸரீயின் 'நிஹாயதுர் ருத்பா'. சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கு எழுதப்பட்ட அக்கையேட்டில் ஹரீஸா விற்போருக்கென்றே ஓர் இயல் உண்டு. இன்ன அளவு கோதுமைக்கு இன்ன அளவு இறைச்சி என நிர்ணயித்து, தலைக்கறியைக் கலந்து ஏமாற்றும் வித்தைகளை எச்சரித்து, இரவில் பானைகளுக்கு முஹ்தஸிபின் முத்திரையிட வேண்டும் என்றும், வைகறையில் அவர் முன்னிலையிலேயே முத்திரையை உடைத்து இடிக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. இரவில் எவரும் பானையைத் திறந்து இறைச்சியை எடுத்துவிடலாகாது என்பதே நோக்கம். புவிசார் குறியீடு காப்பது ஊரின் பெயரை. முஹ்தஸிபின் முத்திரை காத்தது கால் திர்ஹத்தோடு வரிசையில் நின்ற ஏழையின் பங்கை.

நாம் சேர்ந்த நடை பர்கஸை எட்டவில்லை. மறுநாள் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் ஆட்டோ பிடித்துத் தனியே சென்றோம். பிரதான சாலையில் மந்தி உணவகங்களின் பெயர்ப்பலகைகள் நிறைந்திருந்தன. (தமிழர் நகைக்க வேண்டா, ஈரம், பனி எனப் பொருள்படும் 'நதா' என்ற அரபிச் சொல்லின் வழிவந்தது இப்பெயர்.) மந்தியையும் நூற்றாண்டு கண்ட உணவு என்பார் உளர், அக்கடைகள் வளைகுடாப் பணத்தின் பின்னர், இந்த நூற்றாண்டில் பெருகியவை. உட்புறச் சந்தொன்றில், கைலியணிந்த முதியவர்கள் நடைபாதைப் பலகைகளில் அமர்ந்து ஹரீஸ் உண்டுகொண்டிருந்தனர். சர்க்கரை தூவிய இனிப்பு ஹரீஸ் ஒரு பானையிலும், உப்பு ஹரீஸ் மற்றொன்றிலும் இருந்தன. பக்கத்தில் கூடை நிறையக் கொய்யா.

பானையருகே இருந்தவரிடம் அரபியில் பேசினோம். அவர் உர்தூவில் விடையளித்தார். இத்தொழிலை யாரிடம் கற்றீர்கள் என்றோம். தந்தையிடம் என்றார். அவர் யாரிடம்? 'அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை' என்றார். பிறகு அகப்பையைக் கையிலெடுத்து, இனிப்பா உப்பா என்று கேட்டார்.