பட்டியும் புலியும்: தகடூர்ப் பகுதியில் ஒரு பகையின் வரலாறு

தருமபுரி மாவட்டத்தில் புலியின் வரலாற்றைத் தேடுபவர் காட்டுக்குள் நுழைவதற்கு முன் நடுகற்களைப் பார்க்க வேண்டும். பழைய தகடூர் நாடான இப்பகுதியிலும் அதை ஒட்டிய செங்கத்திலும் அவை மிகுதி. செங்கம் கற்களைத் தொல்லியல் துறை 1972இல் நூலாகவே தொகுத்தது. ஆநிரை கவர்ந்தும் மீட்டும் மாண்டவர்களுக்கு நட்டவையே பல. அவற்றோடு புலிக்குத்திக் கற்களும் உண்டு: பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் புலி, அதன் உடலில் பாயும் வாள் அல்லது ஈட்டி, சில கற்களில் வீரனுக்குத் துணையாக ஒரு நாய். பழைய நடுகற்கள் பல இன்று வேடியப்பனாகப் பொங்கலும் கிடாயும் ஏற்கின்றன. புலிக்கற்களைப் புலியின்மேல் மனிதன் கொண்ட வெற்றியின் சின்னங்களாகப் படிப்பதே வழக்கம். ஆனால் கல் நிற்பது செத்த மனிதனுக்கு. மாட்டுப் பட்டியைக் காக்கப் புலியை எதிர்கொண்டால் ஓர் உயிர் போகலாம் என்ற நிலையின் பதிவாகவே அவற்றைக் கொள்ள வேண்டும். அந்த நிலை நீடித்தவரை இங்கே புலி அற்றுப்போகவில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். கல்லில் உள்ளது சிற்ப மரபாக வந்த உருவம்தானே, நடந்ததற்கு அது சான்றாகுமா என்பது ஒன்று. மரபு இருந்தது உண்மை. ஆனாலும் கால்நடையை நம்பிய காட்டோர ஊர்களில் இவ்வுருவம் திரும்பத் திரும்ப வருவதை மரபு மட்டும் விளக்காது. கோடு செதுக்காத விலங்கு சிறுத்தையாக இருக்கலாமே என்பது மற்றொன்று. சில கற்களில் இருக்கலாம்தான். பட்டியில் புகுந்து கன்றைத் தூக்குவது சிறுத்தையின் வழக்கமும்கூட என்பதால், பட்டிக்கும் விலங்குக்கும் இடையே இங்கு பேசப்படும் உறவு அதனால் மாறிவிடாது.

அந்த உறவைக் குலைத்தது வேறொரு ஏற்பாடு. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பகுதி அடங்கிய பாராமகால் ஆங்கிலேயக் கும்பினியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். உழவு விரிவதே அரசுக்கு வருமானம். யானையைக் காக்க 1873இல் சட்டம் இயற்றிய அதே சென்னை அரசு, புலியைக் கொன்றவருக்குச் சன்மானம் கொடுத்தது. யானை வேலைக்கு உதவும், புலி எதற்கு உதவும் என்ற கணக்கு அது. துப்பாக்கியும் வந்தபின் புலியைக் கொல்பவன் தன் உயிரைப் பணயம் வைக்க வேண்டிய தேவை பெரிதும் குறைந்தது. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவில் 80,000க்கு மேற்பட்ட புலிகள் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் மதிப்பிடுகிறார். அப்படியிருந்தும் பென்னாகரம், ஒகேனக்கல் காடுகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை புலி இருந்ததற்குக் கென்னத் ஆண்டர்சனின் வேட்டை நூல்கள் சாட்சி. வேட்டைக்காரர் கதையில் மிகை இல்லாமல் இராது. புலி இருந்தது என்ற அளவுக்கு மட்டும் அவரை நம்பலாம். ‘முன்னோரும் புலியைக் கொன்றவர்கள்தானே, வெள்ளையரை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்’ என்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு மேல் கொன்றும் தீராத விலங்கு, அதற்கு விலை வைத்த ஒன்றரை நூற்றாண்டில் அருகிவிட்டது.

1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் மறு ஆண்டு தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டமும் இந்தப் போக்கைத் திருப்பின. தமிழகத்தில் 2006இல் 76 என மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை 2022இல் 306. தருமபுரியில் புலிகள் காப்பகம் இல்லை. ஆனால் 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கி.மீ. பரப்பில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தோடு அது ஒட்டிக் கிடப்பதால் புலி நடமாட வழி திறந்திருக்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் சரணாலயங்களிலும் காப்பகங்களிலும் மேய்ச்சலைத் தடுத்தது. காட்டுப் பட்டியிலேயே வளர்ந்த ஆலம்பாடி இன மாட்டுக்கு இது நேரடி அடி. புலியைக் காக்க மாட்டை வெளியேற்றத்தான் வேண்டும் என்பவர்களின் வாதம் வலுவானது: மேய்ச்சல் மானுக்கும் காட்டெருமைக்கும் உரிய புல்லைக் குறைக்கிறது, நோயையும் பரப்புகிறது. ஆயினும் பட்டிக்காரரைப் பகைத்துக்கொண்ட பாதுகாப்பு எத்தனை நாள் நிற்கும்? 2025 ஜூனில் கர்நாடக எல்லைக்கு அப்பால் மலை மாதேஸ்வரன் மலைக் காட்டில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் நஞ்சு வைத்த மாட்டின் உடலைத் தின்று மடிந்தன. மாட்டை இழந்த ஆத்திரமே காரணம் என விசாரணையில் தெரிந்தது. நஞ்சு வைப்பவனுக்கு ஈட்டியும் வேண்டாம், உயிர்ப்பயமும் இல்லை. ஆகவே சரணாலய எல்லைக் கல்லை நடுவதற்கு முன்பே, புலி அடித்த மாட்டுக்கு அலையவிடாமல் இழப்பீடு தருவதையும் மேய்ச்சலுக்கு மாற்று நிலம் ஒதுக்குவதையும் வனத்துறை முடித்திருக்க வேண்டும்.