ஜெனரிக்

இனம், வகை என்று பொருள்படும் 'கெனுஸ்' என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். ஆக, ஜெனரிக் பெயர் என்பது மருந்தின் குலப்பெயர். கண் சொட்டு மருந்துச் சீட்டுகளைப் பாருங்கள்: சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின். மூன்றும் முடியும் விதம் ஒன்றே. 'ஆக்சசின்' என்ற ஈறு, அவை குயினலோன் வகை ஆன்டிபயாடிக் என்று சொல்லிவிடும். இப்படிப் பெயர் வைப்பது உலக சுகாதார நிறுவனம். இவை யாருக்கும் சொந்தமில்லாத பொதுப்பெயர்கள். 'விகாமாக்ஸ்' அப்படியல்ல, 0.5 சதவீத மாக்சிஃப்ளாக்சசின் சொட்டு மருந்துக்கு ஆல்கான் நிறுவனம் சூட்டிய வணிகப்பெயர். 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பெயர் பொதுவானாலும் மருந்து பொதுவாகிவிடாது. காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. மூலக்கூறுக்கு ஒன்று, சொட்டு மருந்தாகக் கலக்கும் முறைக்கு இன்னொன்று என்று தனித்தனியே வாங்கி வைப்பதும் உண்டு. சாமர்த்தியம்தான், நோயாளிக்கு லாபமில்லை. இந்தியாவில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துக்குத் தயாரிப்பு முறைக் காப்புரிமையை மட்டுமே தந்தது. பொருளுக்கே காப்புரிமை வந்தது 2005-இல். அதனால்தான் பல ஆன்டிபயாடிக்குகள் இங்கே முன்னதாகவே பல பெயர்களில் கிடைத்தன.

சீட்டில் வணிகப்பெயர் மட்டும் இருந்தால், குலப்பெயரையும் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள்.