எந்த எண்ணில் ஓட வேண்டும்? - தனுஷ்கோடியிலிருந்து குச்சனூர் வரை

போன கட்டுரை வங்கிகளைப் பற்றி. இந்த முறை மழை, காற்று, புயல். "பி.காம். படிக்கிற பையனுக்குப் புயலோடு என்ன வேலை?" என்று கேட்காதீர்கள். கடைசியில் கணக்கு நோட்டில்தான் கொண்டு வந்து நிறுத்துவேன்.

எங்கள் ஊர் குச்சனூர். தேனி மாவட்டம், சின்னமனூருக்குப் பக்கம். சுரபி நதிக்கரையில் சனீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஆடி மாதம் சனிக்கிழமை என்றால் ஊர் தாங்காத கூட்டம். அதே ஆடியில்தான் அம்மி பறக்கும் காற்றும் வரும். நான் பத்தாவது படித்தபோது அப்படி ஒரு சனிக்கிழமை, தற்காலிகமாகப் போட்டிருந்த கடை ஒன்றின் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் தலைக்கு மேலே போனது. நல்ல வேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை நான் மறக்கவில்லை. பாதிப் பேர் மரத்தடிக்கு ஓடினார்கள், பாதிப் பேர் பந்தலுக்குள் ஓடினார்கள். எது சரி என்று சொல்ல ஆள் இல்லை. காற்று காலையிலிருந்தே அடித்துக்கொண்டுதான் இருந்தது. "இதற்கு மேல் போனால் கடைகளைப் பிரித்துவிட வேண்டும்" என்று யாரும் முடிவு செய்து வைக்கவில்லை. அவ்வளவுதான்.

அந்த முடிவை யார் எடுப்பது, எப்போது எடுப்பது என்ற கேள்விக்கு ஒரு வரலாறே இருக்கிறது.

முதல் எச்சரிக்கை வியாபாரிக்கு

1864 அக்டோபர் 5ஆம் தேதி கல்கத்தாவை ஒரு பெரும் புயல் தாக்கியது. இறந்தவர்கள் சுமார் 60,000 பேர். ஹூக்ளி நதியில் நின்ற கப்பல்கள் பல நொறுங்கிப் போயின. அடுத்த ஆண்டே, 1865இல், கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. அதன் பிறகுதான் 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை. இந்த வரிசையைக் கவனியுங்கள். முதல் எச்சரிக்கை குடிசைக்கு இல்லை, பள்ளிக்கூடத்துக்கும் இல்லை, கப்பலுக்குத்தான். கப்பலில் சரக்கு இருந்தது, சரக்குக்குப் பின்னால் பணம் இருந்தது.

செய்தியில் கேட்டிருப்பீர்கள், "பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று. அதெல்லாம் இந்தக் கப்பல் காலத்து ஏற்பாட்டின் வாரிசு. 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 5, 6, 7 என்றால் அபாயம். 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். 11 என்றால் என்ன தெரியுமா? வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இனி அங்கே இருக்கும் அதிகாரியே வானத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதற்கும் ஒரு எண் வைத்திருந்தார்கள்! கப்பல்காரனுக்கு எண்ணைப் பார்த்தாலே என்ன செய்வது என்று தெரியும். கரையில் இருப்பவனுக்கு?

தனுஷ்கோடி, 1964

நம் வைகை வருசநாட்டு மலையில் பிறந்து ராமநாதபுரம் பக்கம் போய் முடிகிறது. அதற்கும் கிழக்கே, தீவின் நுனியில் இருந்த ஊர் தனுஷ்கோடி. இன்றைக்குப் பாழடைந்த சுவர்களைப் பார்க்கச் சுற்றுலா போகிறோம். அன்றைக்கு அங்கே ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்தன. ரயிலில் வந்து இறங்கி, கப்பல் ஏறித் தலைமன்னார் போவார்கள். ஒரு முழுமையான வியாபார ஊர்.

1964 டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானது. அது புயலாகி 22ஆம் தேதி இலங்கையில் வவுனியா பக்கம் கடந்து, அன்று இரவே பாக் நீரிணைக்கு வந்துவிட்டது. அதாவது நடுவில் ஐந்து நாள் இருந்தது.

அந்த இரவு பாம்பனிலிருந்து 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிக்குக் கிளம்பியது. கணக்குப்படி 110 பயணிகள், 5 ஊழியர்கள். ஊரை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. டிரைவர் சற்று நேரம் நிறுத்திப் பார்த்தார். பிறகு விசில் அடித்துவிட்டு மெதுவாக முன்னால் ஓட்டினார். கடல் எழுந்து வந்து ரயிலையே மூடியது. யாரும் பிழைக்கவில்லை. அந்தச் செய்தி சென்னைக்கு உறுதியாகப் போய்ச் சேரவே இரண்டு நாள் பிடித்தது. இந்தியா, இலங்கை இரண்டிலும் சேர்த்து இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்கிறார்கள்.

அந்த டிரைவரை நினைத்தால் எனக்கு மனசு கனக்கும். அவர் மேல் தப்பு சொல்ல முடியுமா? இருட்டு, மழை, பின்னால் நூறு பேர், முன்னால் செத்துப்போன சிக்னல். உலகத்திலேயே கஷ்டமான முடிவை, உலகத்திலேயே மோசமான நேரத்தில், தனியாக எடுக்கும்படி அவரை விட்டுவிட்டோம். தப்பு அங்கேதான்.

பாலம் கற்றுக்கொண்ட பாடம்

அந்தப் புயலில் பாம்பன் ரயில் பாலமும் சேதமானது. 46 நாளில் அதைச் சரிசெய்தார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய இளம் பொறியாளர்தான் பின்னாளில் 'மெட்ரோ மனிதர்' என்று பெயர் வாங்கிய ஈ. ஸ்ரீதரன். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறு. பழைய பாம்பன் பாலத்தில் காற்றை அளக்கும் கருவி இருந்தது. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பு, ரயில் நின்றுவிடும். டிரைவர் யோசிக்க வேண்டியதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் சண்டை போட வேண்டியதில்லை. வெயில் அடித்த ஏதோ ஒரு நாளில், யாரோ ஒருவர் நிதானமாக உட்கார்ந்து அந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறார்.

மற்ற இடங்களிலும் இதேதான். 1977 நவம்பர் 19இல் ஆந்திராவின் திவிசீமாவில் புயல் அலை சுமார் 10,000 பேரைக் கொண்டு போனது. 1999 அக்டோபர் 29இல் ஒடிசாவிலும் கிட்டத்தட்ட அதே கணக்கு. அதன் பிறகு ஒடிசாவில் பேரிடருக்கென்றே தனி அமைப்பு வைத்தார்கள். கடலோரத்தில் தூண் மேல் நிற்கும் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் வந்தன. சாதாரண நாளில் அவற்றில் பலவும் பள்ளிக்கூடம்! புயல் நாளில் ஊரே அதன் மாடியில் ஏறிக்கொள்ளும். எந்தத் தெரு எந்தக் கட்டடம் என்று முன்பே முடிவாகியிருக்கும். 2013 அக்டோபர் 12இல் பைலின் புயல் அதே ஒடிசாவுக்கு வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள். சாவு சில பத்துகளில் நின்றது. பத்தாயிரம் எங்கே, சில பத்து எங்கே!

நம் பக்கம் 2018 நவம்பர் 16 கஜா. 80,000க்கும் மேற்பட்டவர்களை முன்பே முகாமுக்குக் கொண்டு போயிருந்தார்கள். தென்னையைக் காப்பாற்ற முடியவில்லை, அது தனி சோகம். ஆனால் உயிர்க் கணக்கில் 1964 திரும்பவில்லை.

நம் பள்ளத்தாக்கில் என்ன இருக்கிறது?

நமக்குக் கடல் இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் முல்லைப் பெரியாற்றில் வெள்ளம் வரும். சித்திரையில் ஒரே சாயங்காலத்தில் சூறைக்காற்று வாழைத் தோட்டத்தைப் படுக்க வைத்துவிட்டுப் போகும். இடியும் மின்னலும் கேட்கவே வேண்டாம்.

எண் வைத்திருக்கும் ஒரு இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆண்டிபட்டி பக்கத்து வைகை அணை. கொள்ளளவு 71 அடி. 66 அடிக்கு வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5க்கு இரண்டாவது, 69க்கு மூன்றாவது. சங்கு ஊதிவிடுவார்கள். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை ஆற்றங்கரைக்காரர்களுக்குச் செய்தி போகும். ஆனால் அந்த அணை நமக்குக் கீழே இருக்கிறது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், குச்சனூர் எல்லாம் மேலே. அந்தச் சங்கு நமக்காக ஊதுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் நம் முன்னேற்பாடு என்ன? "கலெக்டர் லீவு விட்டாச்சா?" இது ஒன்றுதான். லீவு நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் வெயில் அடித்து, பிற்பகல் மூன்று மணிக்குக் காற்று கிளம்பினால்? நான் படித்த பள்ளியில் கடைசி மணி அடித்ததும் எல்லோரும் வேப்பமரத்தடியில்தான் பஸ்ஸுக்கு நிற்போம், இடி இடித்தாலும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் பள்ளிப் பாதுகாப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பள்ளிக்குப் பள்ளி திட்டம் வேண்டும், ஒத்திகை வேண்டும் என்கிறது. நான் படித்த பன்னிரண்டு வருடத்தில் ஒத்திகை என்றால் ஆண்டு விழா ஒத்திகைதான்.

இப்போது கணக்கு நோட்டு

என் சித்தப்பாவுக்குச் சின்னமனூரில் சின்ன உரக்கடை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஐப்பசி ராத்திரி வாய்க்கால் நிறைந்து கடைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. முழங்கால் அளவு கூட இல்லை. அடி வரிசை யூரியா மூட்டைகள் கரைந்து போயின. அது போகட்டும். மேஜையின் கீழ் டிராயரில் கடன் நோட்டு இருந்தது. விவசாயிகள் விளைச்சலுக்குப் பிறகு தருவதாக வாங்கிப் போன கணக்கு முழுக்க அதில்தான். மை கரைந்து நீலத் தண்ணீராகிவிட்டது. பாதிப் பேர் நினைவு வைத்துக் கொடுத்தார்கள், பெரிய மனசு. மீதிப் பேரிடம் கேட்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. பேங்க் கடனுக்காக எடுத்த தீ காப்பீட்டில் வெள்ளத்துக்கும் இடம் உண்டு என்பதே சித்தப்பாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. இழப்பீடு கேட்டால் முதல் கேள்வி, "இருப்புக் கணக்கு எங்கே?" அதுவும் அதே டிராயரில்!

மூட்டைக்கு அடியில் ஒரு அடி உயரத்துக்குக் கட்டை, நோட்டுக்கு மேல் தட்டு, மாதம் ஒரு முறை செல்போனில் பக்கங்களைப் படம் எடுத்து வைப்பது. மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய் கூட வராது. எங்கள் வகுப்பில் ஒதுக்கு நிதி என்று ஒரு பாடம் உண்டு. நல்ல வருடத்திலேயே கெட்ட வருடத்துக்கு எடுத்து வைப்பது. முன்னேற்பாடும் அதேதான், பணத்துக்குப் பதிலாக முடிவை எடுத்து வைக்கிறோம்.

ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பள்ளியும், கடையும், கோயிலும் தனக்கென்று ஒரு எண்ணைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். கருவி கூட வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே. வாய்க்காலின் ஒரு படிக்கட்டில் சிவப்புக் கோடு, தண்ணீர் அதைத் தொட்டால் சரக்கை மேலே ஏற்று. எந்த வாசல் திறக்க வேண்டும், சாவி யாரிடம், மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இவ்வளவுதான்.

சித்தப்பா கடை வாசல் பக்கத்து வாய்க்கால் சுவரில் போன விடுமுறையில் நானே சிவப்புப் பெயின்டில் கோடு போட்டுவிட்டு வந்தேன். "எதுக்குடா இது?" என்றார். தனுஷ்கோடி கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் போனபோது கடன் நோட்டு மேல் தட்டில் இருந்தது.

உங்கள் தெருவில் எந்த எண்? இன்றைக்கு வெயில் அடிக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள்.