சமூக உதவியும் வதிவிட உரிமையும்

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியை அண்டிய சாம்பல்தீவு போன்ற கிராமங்களில், யுத்த காலத்தில் புலம்பெயர்ந்த உறவினரைக் கொண்ட குடும்பங்கள் பல. அக்குடும்பங்களில் அடிக்கடி எழும் ஐயமொன்று உண்டு. அரசாங்க உதவி பெற்றால் வெளிநாட்டு வதிவிட விண்ணப்பம் பாதிக்கப்படுமா? இதற்கான விடை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், தவறான தகவல்களும் வேகமாகப் பரவுகின்றன.

கனடாவை முதலில் நோக்குவோம். உறவினரைப் பொறுப்பேற்று அழைப்பவர், அங்கவீனம் தவிர்ந்த காரணத்துக்காக மாகாண சமூக உதவியைப் பெற்றுக் கொண்டிருப்பாராயின் அவரது விண்ணப்பம் நிராகரிக்கப்படும். ஆனால், வேலையிழப்புக் காப்புறுதியும் பிள்ளைகளுக்கான கொடுப்பனவும் சமூக உதவியாகக் கருதப்படுவதில்லை. தடை அழைப்பவருக்கே உரியது. இங்குள்ள தாய் அஸ்வெசும பெறுவதால் மகனின் தகுதி இழக்கப்படாது. உண்மையான சுமை பின்னரே வருகின்றது. கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் வாழ்க்கைத் துணைக்கு 3 ஆண்டுகளும், பெற்றோருக்கு 20 ஆண்டுகளும் பொறுப்பு நீடிக்கும். அக்காலத்தில் வந்தவர் சமூக உதவி பெற்றால் அத்தொகை அழைத்தவரின் கடனாகும். விவாகரத்துக்கூட இப்பொறுப்பை நீக்காது. இதனை அறியாது கையொப்பமிடுவோர் குறித்தே நாம் பெரிதும் கவலை கொள்கின்றோம்.

சுவிற்சர்லாந்தின் நிலைமை மேலும் கடுமையானது. அங்கு 15 ஆண்டுகள் தொடர்ச்சியாக வாழ்ந்தவரின் நிரந்தர வதிவிட அனுமதியை, சமூக உதவியில் தங்கியிருந்தார் என்பதற்காக இரத்துச் செய்ய முடியாதென்ற பாதுகாப்பு முன்னர் இருந்தது. 2019 ஜனவரி முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. பிரஜாவுரிமை கோருவோர் முந்திய 3 ஆண்டுகளில் பெற்ற சமூக உதவியைத் திருப்பிச் செலுத்தியிருத்தல் வேண்டும். பேர்ன் மாநிலத்தில் இக்காலம் 10 ஆண்டுகள். நோய், அங்கவீனம் போன்ற காரணங்களுக்கு விதிவிலக்குண்டு. வேலையிழப்புக் காப்புறுதி, முதியோர் ஓய்வூதியம், அங்கவீனர் காப்புறுதி ஆகியன சந்தா செலுத்திப் பெற்ற உரிமைகளேயன்றிச் சமூக உதவியல்ல. உணவகங்களில் பல்லாண்டு உழைத்து உடல் நலிந்த நம்மவர், இவ்வேறுபாட்டை அறியாமையால் உரித்தானதைக் கோரத் தயங்கக்கூடாது.

அச்சம் சட்டத்தைவிடத் தூரம் செல்லும் என்பதற்கு அமெரிக்கா சான்று. அரசுக்குச் சுமையாகக்கூடியவரை அனுமதிக்க மறுக்கும் விதி அங்கு 1882 முதல் உள்ளது. 2019இல் அறிவிக்கப்பட்டு 2020 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விரிவான விதி, உணவு உதவியையும் மருத்துவ உதவியையும் கணக்கிலெடுத்தது. 2021 மார்ச்சில் அது கைவிடப்பட்டது. எனினும், அவ்விதியால் பாதிக்கப்படாதவர்களும் உதவிகளிலிருந்து விலகிக் கொண்டனர். அகதி அந்தஸ்துப் பெற்றோருக்கு அது எக்காலத்திலும் பொருந்தவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

எனவே உதவியைப் பெறுமுன்னும், மறுக்குமுன்னும், அது காப்புறுதியா சமூக உதவியா என்பதை அந்நாட்டின் சட்ட உதவி நிலையத்தில் எழுத்துமூலம் கேட்டறியுமாறு நாம் வேண்டுகின்றோம். முகவரின் வாய்வார்த்தை போதாது.