பிள்ளைகள் எப்போது வந்தார்கள்?

லண்டன் தமிழர்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் ஊரில் நடந்தவற்றை வைத்தே சொல்லிக்கொள்கிறோம். 1956 தனிச் சிங்களச் சட்டம், 1958 கலவரம், 1970களின் தரப்படுத்தல், 1981 யாழ் நூலக எரிப்பு, 1983 ஜூலை. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு கூட்டம் விமானம் ஏறியது உண்மைதான். ஆனால் விமானம் இறங்கியபின் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஆண்டுகள் போதாது. இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: பிள்ளைகள் எப்போது வந்தார்கள்? அப்பாவோடு வந்தார்களா, அப்பாவுக்குப் பின் வந்தார்களா, பின் என்றால் எத்தனை ஆண்டு கழித்து? ஒரு குடும்பம் இந்த நகரத்தில் எப்படி வேர்விட்டது என்பதை அந்த வரிசை பெருமளவு தீர்மானித்தது. வரிசையை முடிவு செய்தது குடும்பம் அல்ல. பிரித்தானியக் குடிவரவுச் சட்டம்.

முதலில் வந்தவர்களுக்குச் சட்டம் வாசலை மறிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரித்தானிய நாட்டுரிமைச் சட்டப்படி, சுதந்திரம் பெற்றுவிட்ட இந்தியா, இலங்கை போன்ற நாடுகளின் குடிமக்களும் இங்கே வரலாம், வேலை பார்க்கலாம், குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். 1958 கலவரத்துக்குப் பின் கொழும்பை விட்டு லண்டன் வந்த அ. சிவானந்தன் அந்தக் காலத்தவர். மூன்று பிள்ளைகளின் தந்தை. அங்கே வங்கி மேலாளராக இருந்தவருக்கு இங்கே கிடைத்தது ஒரு நூலகத்தில் தேநீர் போட்டுக் கொடுக்கும் வேலை. அவர் வந்த அதே ஆண்டில்தான் நாட்டிங் ஹில்லில் கறுப்பினத்தவரின் வீடுகள் தாக்கப்பட்டன. ஒரு கலவரத்திலிருந்து தப்பி இன்னொரு கலவரத்துக்குள் வந்து இறங்கியவர் அவர். நூலகப் பணியிலேயே தேர்ச்சி பெற்று, 1964இல் இனவுறவுகள் ஆய்வுக் கழகத்தின் நூலகரானார். பின்னர் அதன் இயக்குநருமானார். பிள்ளைகளை வளர்த்து முடித்து எழுபது வயதைக் கடந்த பிறகுதான், 1997இல், ‘வென் மெமரி டைஸ்’ என்ற நாவல் வெளிவந்தது. அது ஆங்கில நாவல்.

1962இல் வந்த காமன்வெல்த் குடிவரவுச் சட்டம் வேலைக்கு வருபவர்களுக்கு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் மனைவியும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் வந்து சேரும் உரிமையை அது விட்டுவைத்தது. எனவே 1960களில் வந்த மருத்துவர்களும் கணக்காளர்களும் பொறியாளர்களும் அதிகம் பிரிந்திருக்காமலே குடும்பம் நடத்த முடிந்தது. அவர்கள் எண்ணிக்கையில் குறைவு. புறநகர்களில் சிதறி வாழ்ந்தார்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் ஏற்கெனவே கைவசம் இருந்தது. பிள்ளை படிக்கும் வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பிள்ளை இருக்காது. அந்த வீடுகள் பலவற்றில் ஒரே தலைமுறையில் ஆங்கிலம் வீட்டு மொழியானதில் வியப்பில்லை. 1936இலேயே தொடங்கப்பட்ட லண்டன் தமிழ்ச் சங்கம் இருந்தது. ஆனால் பெரியவர்கள் எப்போதாவது கூடுவதற்கு ஒரு சங்கம் போதும், பிள்ளை வாராவாரம் ஒரு மொழியில் வளர்வதற்குப் போதாது.

1983க்குப் பின் வரிசை தலைகீழானது. வந்தவர்களில் பெரும்பாலோர் தனியாக வந்த இளைஞர்கள். காணியை விற்று, நகையை அடகு வைத்து ஓர் ஆளைத்தான் அனுப்ப முடியும் என்ற நிலையில் வீடுகள் இருந்தன. 1985 மே மாதத்தில் இலங்கையருக்கு விசா கட்டாயமானது. காமன்வெல்த் நாடொன்றின் குடிமக்கள்மீது பிரித்தானியா அப்படி விதித்தது அதுவே முதல் தடவை. 1987 பெப்ரவரியில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஹீத்ரோ விமான நிலையத்தில் உடைகளைக் களைந்து போராடினார்கள். அதே ஆண்டு, உரிய ஆவணம் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனத்திடம் ஆயிரம் பவுண்டு அறவிடும் சட்டம் வந்தது. ஹாரிச் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டிருந்த ‘ஏர்ல் வில்லியம்’ என்ற பழைய பயணிகள் கப்பல் தடுப்பு முகாமாக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். 1987 ஒக்டோபர் 16 அன்று இங்கிலாந்தைப் புரட்டிப்போட்ட புயலில் அந்தக் கப்பல் கட்டறுந்து மிதந்துபோன பிறகே அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

இவை ஓரளவு தெரிந்த கதைகள். குடும்பங்களைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான கதை, தங்க அனுமதி கிடைத்தவர்களின் கடிதத்தில் இருந்தது. பலருக்குக் கிடைத்தது அகதி அந்தஸ்து அல்ல, ஈ.எல்.ஆர். என்று நம்மவர்கள் சொல்லிப் பழகிய விதிவிலக்கு அனுமதி. அகதியாக ஏற்கப்பட்டவர் உடனே மனைவி மக்களை அழைக்கலாம். ஈ.எல்.ஆர். பெற்றவர் பொதுவாக நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஏழு ஆண்டு. அதற்கு முன்னால், முடிவு வருவதற்கே ஆன காலம் வேறு.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். அனுமதி கிடைத்த அன்று ஊரில் இரண்டு வயதாக இருந்த குழந்தை, அழைக்கும் உரிமை வரும்போது ஆறு வயதாகியிருக்கும். அப்பா என்பவர் புகைப்படத்திலும் ஒலிநாடாவிலும் இருந்தவர். அன்று பதினைந்து வயதாக இருந்த மூத்த பிள்ளை பத்தொன்பதைத் தொட்டிருக்கும். பதினெட்டுக்கு மேற்பட்டவரைப் பிள்ளை என்று விதி ஏற்பதில்லை. ஒரே வீட்டில் இளையவர்கள் வரலாம், மூத்தவர் வர முடியாது. அண்ணன் கொழும்பிலோ சென்னையிலோ தங்க, தம்பி டூட்டிங்கில் வளர்ந்த குடும்பங்கள் இப்படித்தான் உருவாயின. இதைப் பாசக் குறைவு என்று எடுத்துக்கொண்ட அண்ணன்களும் உண்டு. பாசத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிறந்த தேதியும் கடிதத்தின் தேதியும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் தேதிக் கணக்கு இருந்தது. 1983 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த நாட்டுரிமைச் சட்டம், இந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்ற பழைய முறையை நிறுத்தியது. பெற்றோரில் ஒருவராவது பிரித்தானியக் குடிமகனாகவோ நிரந்தர உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால், பெற்றோருக்கு அந்த உரிமை கிடைக்கும்வரை, அல்லது பிள்ளை பிறந்து பத்து ஆண்டு இங்கேயே வாழும்வரை காத்திருக்க வேண்டும். நியூஹாம் மருத்துவமனையில் பிறந்து, ஈஸ்ட் ஹாமில் பள்ளிக்குப் போய், வேறு ஊரே தெரியாத பிள்ளையும் சட்டப்படி வெளிநாட்டவராக இருக்க முடியும்.

இப்போது அந்த ஆறு வயதுப் பிள்ளையோடு பள்ளிக்குப் போவோம். 1975இல் வெளிவந்த புலக் அறிக்கை, வீட்டு மொழியையும் பண்பாட்டையும் பள்ளி வாசலில் விட்டுவரும்படி எந்தப் பிள்ளையிடமும் எதிர்பார்க்கக் கூடாது என்ற கருத்தை வலியுறுத்தியது. 1977இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம், குடிபெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிப்பதை ஊக்குவிக்கும் நெறிமுறையை வகுத்தது. நம்மவர்கள் பெரும் எண்ணிக்கையில் வரத் தொடங்கியபோது காற்று திசை மாறிவிட்டது. 1985இல் வந்த ஸ்வான் அறிக்கை தாய்மொழியின் மதிப்பை ஏற்றுக்கொண்டாலும், அதைக் காப்பது பொதுப்பள்ளியின் வேலை அல்ல, அந்தந்தச் சமூகத்தின் வேலை என்றது. 1988 கல்விச் சட்டத்தோடு வந்த தேசியப் பாடத்திட்டத்தில் பள்ளிகள் கற்பிக்கக்கூடிய மொழிகளின் பட்டியல் ஒன்று இருந்தது. வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி, உருது, இந்தி எல்லாம் அதில் இருந்தன. தமிழ் இல்லை.

ஆக, தமிழைக் குடும்பம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அரசு சொன்னது. அதே அரசின் வேறொரு துறை அந்தக் குடும்பத்தை நான்கு ஆண்டு பிரித்து வைத்திருந்தது. இரண்டு அறிவிப்புகளையும் எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். அவை சந்தித்த இடம் நம் வீடுகள். அப்பா பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை முடித்துத் தூங்கும் நேரத்தில் பிள்ளை பள்ளியில் இருக்கும். பிள்ளை வரும் நேரத்தில் அப்பா கிளம்பிவிடுவார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. சில மாதங்களில் பிள்ளைக்கு ஆங்கிலம் வந்துவிடும். பிறகு மருத்துவரிடம் அம்மாவின் நோயைச் சொல்வதும் அந்தப் பிள்ளைதான்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அவற்றை ஊர் நினைவின் ஏக்கம் என்று சுருக்கிவிடுவது தவறு. வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட வகுப்பறைகளில், ஊரில் ஆசிரியராக இருந்து இங்கே கடையில் நிற்பவர்கள் காலையில் அ, ஆ சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு சங்கீதம், பரதம், மிருதங்கம். பிள்ளைகள் உள்ளே இருக்க, பெற்றோர் தாழ்வாரத்தில் நின்றார்கள். எந்தத் தெருவில் வீடு வாடகைக்கு இருக்கிறது, எந்த வழக்கறிஞர் காசுக்கு ஏற்ற வேலை செய்வார், உள்துறைக் கடிதத்தின் மூன்றாவது பத்திக்கு என்ன பொருள் என்பதெல்லாம் அங்கே தெரிந்துகொண்டவை. குடியமர்வதற்கு உதவ அரசு திறக்காத அலுவலகம் அந்தத் தாழ்வாரம். அதைவிடப் பெரிய விஷயம், பல அப்பாக்களுக்கு வாரத்தில் பிள்ளையைக் கைப்பிடித்து நடத்திப் போகக் கிடைத்த ஒரே காலை அது.

கோயில்களும் இப்படியே எழுந்தன, பெரும்பாலும் வேறொருவர் விட்டுப்போன கட்டடங்களில். விம்பிள்டன் பிள்ளையார் கோயில் 1981இல் திறக்கப்பட்டது. ஆர்ச்வே சாலையில் இருக்கும் ஹைகேட் முருகன் கோயிலின் இடம் முன்பு யூதர்களின் தொழுகைக்கூடம். முன்னால் வந்த ஒரு புலம்பெயர் சமூகம் காலி செய்த இடத்தில் பின்னால் வந்தது குடியேறியிருக்கிறது.

மூன்றாவதாக வந்தவர்கள் நாங்கள்: தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்கும் கணினி வேலைக்கும் வந்தவர்கள். 2002இல் தொடங்கிய உயர்திறன் குடிவரவுத் திட்டமும் நிறுவன மாற்றல் விசாக்களும் எங்களைக் கொண்டுவந்தன. பிள்ளை அம்மாவின் மடியில், பக்கத்து இருக்கையில் வந்தது. நான்கு ஆண்டுப் பிரிவு எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு இருந்த தொல்லை வேறு: இருப்போமா, போவோமா என்பது. 2006 ஏப்ரலில் நிரந்தர உரிமைக்கான காலம் நான்கிலிருந்து ஐந்து ஆண்டானது. அதே ஆண்டு நவம்பரில் உயர்திறன் திட்டத்தின் விதிகள் ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கும் சேர்த்து மாற்றப்பட்டன. அது நியாயமற்றது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2008 ஆனது. 2010 ஏப்ரலுக்குப் பிறகு நிறுவன மாற்றலில் வந்தவர்களுக்கு நிரந்தரமாகத் தங்கும் வழியே இல்லை. நான்கு வயதில் ரிசெப்ஷன் வகுப்பில் சேர்ந்து, பிரித்தானிய உச்சரிப்பைப் பிடித்துக்கொண்ட பிள்ளையை ஏழு வயதில் சென்னைப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்த நண்பர்கள் எனக்கு உண்டு.

எப்போதும் ஒரு காலை விமானத்தில் வைத்திருந்ததால் எங்களில் பலருக்குத் தமிழ்ப் பள்ளி அவசரமாகத் தோன்றவில்லை. ஆண்டுக்கொரு முறை ஊர்ப் பயணம், ஆறு மாதம் வந்து தங்கும் தாத்தா பாட்டி, கைப்பேசியில் முகம் பார்த்துப் பேச்சு. தமிழ் தானே வரும் என்ற நம்பிக்கை. பேச்சு ஓரளவு வந்தது, எழுத்து வரவில்லை. பிறகு நாங்களும் ஈழத்துக் குடும்பங்கள் கட்டிய அதே வகுப்பறைகளைத் தேடிப் போனோம். என் மகள் அங்கே சேர்ந்த சில வாரங்களில் ‘ஆமாம்’ போய் ‘ஓம்’ வந்துவிட்டது. தொலைபேசியில் அதைக் கேட்ட என் அம்மா, “என்னடா, பேத்தி பேச்சுக்குப் பேச்சு மந்திரம் சொல்றா?” என்றார். அந்த ‘ஓம்’ யாழ்ப்பாணத்திலிருந்து ஹீத்ரோ வழியாக வர என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை அம்மாவுக்குச் சொல்ல எனக்கு ஒரு மாலை முழுதும் ஆனது.

அந்தப் பள்ளிகள் வென்றனவா? 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகக் குறித்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம். 2021இல் ஒன்றேகால் லட்சம். ஆனால் அங்கே வளர்ந்த பிள்ளைகளில் பலர் முதன்மை மொழி ஆங்கிலம் என்றே எழுதுவார்கள். அது பொய்யும் அல்ல. இன்றும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் தமிழ் ஒரு பாடமாக இல்லை. மொழியை மட்டும் வைத்து அளந்தால் மதிப்பெண் சுமார்தான்.

2009 ஏப்ரல் 6 முதல் 73 நாள், நாடாளுமன்றச் சதுக்கத்தில் நின்ற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். முன்வரிசையில் இருந்தவர்களில் பலர் மாணவர்கள். ஆறேழு வயதில் வந்து சேர்ந்தவர்கள், அல்லது இங்கேயே பிறந்தவர்கள். ஊடகங்களுக்கு லண்டன் ஆங்கிலத்தில் பேசினார்கள், பின்னால் நின்ற அம்மாக்களிடம் திரும்பித் தமிழில் விளக்கினார்கள். போர் அவர்களால் நிற்கவில்லை. ஆனால் தாங்கள் யாருடைய பிள்ளைகள் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. நான்கு ஆண்டு பிரித்து வைக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து அப்படி ஒரு தலைமுறை வந்தது தானாக நடந்ததல்ல. சனிக்கிழமைதோறும் யாரோ கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

அப்படித் திறந்து வைத்தவர்களுக்கு இப்போது எழுபது வயதாகிறது. கட்டட வாடகை ஏறிவிட்டது. ஆசிரியர்களுக்குக் குற்றப்பின்னணிச் சான்று, காப்பீடு, அறக்கட்டளைக் கணக்கு, மாணவர் தரவுப் பாதுகாப்பு என்று வேலை பெருகிவிட்டது. இந்தக் காகித வேலைகளை அலுவலகத்தில் நாள் முழுதும் செய்பவர்கள் எங்கள் கூட்டத்தில்தான் அதிகம். பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு, மூன்று மணி நேரம் கழித்துக் காரில் வந்து ஏற்றிக்கொள்கிறோம். பிள்ளைகளோடு சேர்ந்தே வந்து இறங்கும் நல்லூழ் எங்களுக்கு வாய்த்தது. அது வாய்க்காதவர்கள் கட்டிய பள்ளியில் நாங்கள் கட்டணம் செலுத்துபவர்களாக மட்டும் இருந்தால், அடுத்து வரும் குடும்பத்துக்கு அந்தத் தாழ்வாரம் இருக்காது.